பயிற்சிக்குச் செல்லலாம், போட்டிக்கு மட்டும் வேண்டாமா?

நமது குடும்பங்களில் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு விநோதமான சமரசம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெண்பிள்ளையை வாள்வீச்சுக் கிளப்பில் சேர்க்கிறோம். வாரத்தில் மூன்று மாலைகள் அழைத்துச் சென்று, முடியும்வரை காத்திருந்து அழைத்து வருகிறோம். அவள் உடல்நலம் தேறியிருக்கிறது, பாடத்திலும் கவனம் கூடியிருக்கிறது என்று உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்கிறோம். ஆனால் மாவட்டப் போட்டிக்கான படிவம் வீட்டுக்கு வந்த அன்று, "உடற்பயிற்சிக்காகத்தானே அனுப்பினோம், நான்கு பேர் பார்க்க நிற்க வைக்கவா அனுப்பினோம்?" என்று கேட்டு அதை அலமாரியில் வைத்துவிடுகிறோம். இதற்குப் பேணுதல் என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம்.

பிள்ளைகளை இத்தகைய ஒரு கிளப்புக்கு அனுப்பும் சில பெற்றோர் கூடிப் பேசி இதை எழுதுகிறோம். இது பேணுதல் அன்று என்பது எங்கள் உறுதியான கருத்து. மார்க்கத்தின் பெயரால் எழுப்பப்படும் தடைகள் மிகக் குறைவாகப் பொருந்தும் விளையாட்டு ஒன்று உண்டென்றால் அது வாள்வீச்சுதான்.

முதலில் உடையைப் பார்ப்போம். நீச்சல், தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றில் நமது பெண்மக்களுக்கு உடை ஒரு மெய்யான இடர்ப்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. வாள்வீச்சில் உடலை மூடுவதே விதி. கழுத்துவரை மூடிய தடித்த முழுக்கைச் சட்டை, அதனுள் ஒரு பாதுகாப்பு மேலாடை, பெண்களுக்குக் கட்டாயமான மார்புக் கவசம், முழங்காலுக்குக் கீழ்வரை இறங்கும் காற்சட்டை, அதைத் தொடும் நீண்ட காலுறை, வாள் பிடிக்கும் கைக்கு உறை, தலைக்கும் முகத்துக்கும் கம்பிவலைக் கவசம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நடுவர் களத்தில் இறங்க விடமாட்டார். கவசத்துக்குள் முக்காடு அணிந்துகொள்வதில் ஒரு சிரமமும் இல்லை. வலீமா விருந்துகளில் நமது பெண்பிள்ளைகள் எந்த உடையில் வந்து நிற்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, வாள்வீச்சுக் களத்தின் உடையைப் பற்றிப் பேசுவோமாக.

இதை நமக்கு முன்பே கண்டுகொண்டவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாழ்ந்த ஒரு தாய். மகள் மற்ற விளையாட்டுகளில் சேரும்போதெல்லாம் அந்த உடைக்குக் கைகளையும் கால்களையும் கூட்டித் தைக்க வேண்டியிருந்தது. ஒருநாள் காரில் செல்கையில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உடல் முழுதும் மூடிய பிள்ளைகள் வாள் வீசுவதைக் கண்டார். எதையும் கூட்டித் தைக்கத் தேவையில்லாத விளையாட்டு ஒன்று கிடைத்துவிட்டது. அந்த மகள்தான் இப்திஹாஜ் முஹம்மத். நியூயார்க்கில் பீட்டர் வெஸ்ட்புரூக் நிறுவிய அறக்கட்டளையின் கிளப்பில் பயின்று, 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாப் அணிந்து களமிறங்கி, சேபர் குழுப் போட்டியில் அமெரிக்க அணியுடன் வெண்கலம் வென்றார். ஹிஜாப் அணிந்து அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் பெண்மணி அவரே. அந்தத் தாய் பயிற்சியோடு நிறுத்திக்கொள் என்று மகளிடம் சொல்லியிருந்தால் இந்த வரியை எழுத நமக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

எதிர்த்திசையிலிருந்து வரும் குரலுக்கும் ஒரு வார்த்தை. "முன்னேற வேண்டுமானால் முக்காட்டைக் கழற்றட்டும்" என்று அறிவுரை சொல்வோர் உண்டு. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அரசு தன் நாட்டு வீராங்கனைகளுக்கு ஹிஜாபைத் தடை செய்தது. வாள்வீச்சுக் களத்தில் இன்றும் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது பிரெஞ்சுச் சொற்களால்தான். அந்த மொழிக்குரிய நாடே தன் பெண்களில் ஒரு பகுதியினரை வாசலில் நிறுத்தியது. அரசு ஒரு வாசலை அடைக்கிறது என்று குமுறும் நாம், நமது வீட்டுப் பெண்ணுக்கு எவரும் அடைக்காத வாசலை நம் கையாலேயே அடைப்பது எந்த நியாயம்?

"பெண்ணின் கையில் வாள் எதற்கு?" என்று கேட்போர் வரலாற்றைச் சற்றுப் புரட்டட்டும். உஹதுக் களத்தில் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களைக் காக்க வாளேந்தி நின்று காயம் பட்ட நுஸைபா (ரலி) அவர்களைப் பற்றி நமது மதரஸாக்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அது போர், இது விளையாட்டு என்று பிரிப்பீர்களானால் அதற்கும் முன்மாதிரி உண்டு. பெருநாள் அன்று மஸ்ஜிதுந் நபவியிலேயே அபிசீனியர்கள் ஈட்டிகளுடன் விளையாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் தமது மேலாடையால் மறைத்து நிற்க, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமே சலிப்படையும்வரை அதைப் பார்த்தார்கள். உமர் (ரலி) அவர்கள் கற்களை எடுத்து அவர்களை விரட்ட முற்பட்டபோது, விட்டுவிடுமாறு நபியவர்கள் பணித்தார்கள். அன்னையுடன் நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. அதுவும் ஒரு போட்டிதானே? ஒருமுறை அன்னை வென்றார்கள், பின்னொரு முறை நபியவர்கள் வென்றார்கள்.

உண்மையான ஐயத்துடன் கேட்போருக்கு மரியாதையோடு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஒருவரை நோக்கி ஆயுதத்தை நீட்டுவது தடுக்கப்பட்டதாயிற்றே என்றார் ஒரு பெரியவர். கிளப்பில் பிள்ளைக்கு முதல்நாள் கற்பிக்கப்படும் பாடமே அதுதான்: முகக்கவசம் அணியாத எவரை நோக்கியும், விளையாட்டாகக்கூட, வாளின் முனை திரும்பக் கூடாது. வாளும் முனை மழுங்கியது. முகத்தில் அடிப்பதற்கான தடையை மற்றொருவர் நினைவூட்டினார். வாள்வீச்சில் மூன்று பிரிவுகள் உண்டு. சேபரிலும் எப்பேயிலும் தலை இலக்கில் அடங்கும். ஃபாயில் பிரிவில் தலையும் முகமும் புள்ளிக்குரிய இலக்கே அல்ல. மனம் ஒப்பாதவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து, தேவையெனில் ஃபாயிலைத் தேர்ந்துகொள்ளலாம். ஆட்டத்துக்கு முன் எதிராளிக்கும் நடுவருக்கும் செலுத்தும் மரியாதை, வாளை உயர்த்தித் தாழ்த்துவதுதான். குனிவதில்லை.

சரி, இவ்வளவும் ஒப்புக்கொண்டாலும் பயிற்சியே போதாதா? போதாது என்பதுதான் எங்கள் வாதத்தின் மையம். பயிற்சிக் கூடத்தில் பிள்ளை தினமும் எதிர்கொள்வது அதே நான்கைந்து தோழியரை. யார் எப்போது முன்னே பாய்வாள், யாருடைய மணிக்கட்டு எப்போது தளரும் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். போட்டியில் காலையில் ஒரு குழுவில் இடப்படுகிறாள். முன்பின் அறியாதவர்களுடன் அடுத்தடுத்து ஐந்து புள்ளி ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றே நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் எதிராளியைப் படித்து முடிவெடுத்தாக வேண்டும். பின்னர் பதினைந்து புள்ளி ஆட்டம், தோற்றால் வெளியே. நடுவர் தவறாகத் தீர்ப்பளித்துவிட்டார் என்று நெஞ்சு கொதிக்கும்போதும் கவசத்தைக் கழற்றி எதிராளிக்கு மரியாதை செலுத்திவிட்டே இறங்க வேண்டும். சினத்தை அடக்குவதைப் பற்றி நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! அதைச் செய்து பழகுவதற்கு இத்தகைய இடம் எளிதில் வாய்க்காது.

சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வாள்வீச்சாளர். முதல் ஆட்டத்தில் 15-3 என வென்று, அடுத்த ஆட்டத்திலேயே பிரான்ஸ் வீராங்கனையிடம் 7-15 எனத் தோற்றார். அத்துடன் முடிந்துவிடவில்லை; 2023இல் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார், இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. டோக்கியோவில் முதல் ஆட்டத்தில் அவருக்கு எதிரே நின்றவர் துனீசியப் பெண். ஆசியப் போட்டியின் அரையிறுதியில் 14-15 என அவரை வென்றவர் உஸ்பெகிஸ்தான் பெண். முஸ்லிம் நாடுகள் தம் பெண்மக்களை அனுப்புகின்றன. நமது தெருவில் படிவம் அலமாரிக்குப் போகிறது.

இனி, அமானிதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். வாள்வீச்சில் குழுப் போட்டி என்பது மூவர் அணி. நம் அணியின் மூவரும் எதிரணியின் மூவரையும் தனித்தனியே எதிர்கொள்வார்கள். ஆக ஒன்பது ஆட்டங்கள். புள்ளிக் கணக்கு ஒரே தொடராக ஓடும். முதலில் 45ஐ எட்டும் அணி வெல்லும். ஒருத்தி பின்தங்கினால் அடுத்தவள் அந்தக் கடனைச் சுமந்து ஏற வேண்டும். எங்கள் பிள்ளைகளின் கிளப்பில் இப்போது சரியாக மூன்று பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்காவதாக ஒருத்தி இல்லை. ஓராண்டாகச் சேர்ந்து பயின்றவர்கள். அவர்களில் ஒருத்தியின் வீட்டில்தான் இப்போது படிவம் கையெழுத்தாகாமல் கிடக்கிறது. அவளைத் தடுத்தால் மற்ற இருவருக்கும் அணியே இல்லை. அவ்விருவரில் ஒருத்தி நம் சமுதாயத்தைச் சேர்ந்தவள் அல்லள். "கடைசி நேரத்தில் கைவிட்டவர்கள்" என்ற எண்ணம் அந்தக் குடும்பத்தின் மனத்தில் தங்குமானால், அதை எந்த நல்லிணக்க இஃப்தார் விருந்தால் துடைப்போம்? சேர்க்காமலே இருந்திருக்கலாம். அணியில் ஓராண்டு நிற்க வைத்துவிட்டு விலக்குவது வாக்கு மீறல்.

இடர்ப்பாடுகளே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பயிற்சியாளர் பெரும்பாலும் ஆண். நிலையைத் திருத்தக் கையைப் பிடிக்காமல் வாளாலோ சொல்லாலோ திருத்துமாறு கேட்டோம். தயக்கமின்றி ஒப்புக்கொண்டார். இத்தனை நாள் கேட்காமல் இருந்ததுதான் வியப்பு. குழு ஆட்டங்களுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே லுஹர் தொழ நேரம் கிடைக்கும். தொழுகை விரிப்பைப் பையில் வைப்பது தாயின் பொறுப்பு. வெளியூர்ப் போட்டிக்கு மஹ்ரம் உடன் செல்லட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை மகளுக்காகக் கொடுப்பது தந்தைக்கு அப்படியொன்றும் இழப்பல்ல. படம் வெளியிட வேண்டாம் என்றால் கிளப்பிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். இவையெல்லாம் தீர்க்கக்கூடியவை.

செலவு மெய்யான பிரச்சினை. கவசம், கையுறை, மின்கம்பியுடன் கூடிய வாள் எல்லாம் மாதச் சம்பளக்காரருக்குச் சுமைதான். வாளும் அவ்வப்போது ஒடியும். ஆனால் மகளின் திருமணத்தில் ஒருவேளை உணவுக்கு நாம் செய்யும் செலவை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டால் தொகை வேறு மாதிரித் தெரியும். ஜமாஅத் நிர்வாகிகளும் யோசிக்கலாம்: ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்குகிறோமே, அதில் இரண்டு பிள்ளைகளின் வாளுக்கும் கவசத்துக்கும் இடமிருக்காதா?

இறுதியாக, எவரும் வெளிப்படையாகச் சொல்லாத காரணம்: மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? எங்களைக் கேட்டால், மற்ற தடைகளெல்லாம் இந்த ஒன்றின் மேல் போர்த்திய போர்வைகள்தாம். அதே வீட்டில் மகன் தோற்றாலும் வென்றாலும் ஊர் ஊராகக் கிரிக்கெட் ஆடிவிட்டு இரவு பத்து மணிக்குத் திரும்புகிறான். இஷா ஜமாஅத்தை விட்டுவிட்டாயே என்றுகூடக் கேட்பாரில்லை. முழு உடை உடுத்தி, தொழுகையை விடாமல், தாயுடன் சென்று தாயுடன் திரும்பும் மகளிடம் மட்டும் பேணுதலைத் தேடுகிறோம். வாள் பிடித்ததற்காகப் பெண் வேண்டாம் என்று ஒரு வீட்டார் சொல்வார்களானால், அவர்கள் வீட்டுக்கு அவளை அனுப்பாமல் தப்பித்தோம் என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டியதுதானே?

படிவம் சமர்ப்பிக்க இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அந்தச் சகோதரரின் வீட்டுக்கு இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் எங்களில் மூவர் செல்கிறோம். அவருடைய மகளோடு பயிலும் மற்றொரு பிள்ளையின் தந்தையும் எங்களுடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.