சித்தூரும் புத்தூரும்: ஊர்ப்பெயராய்வில் ஒரு மறுப்பு

'சித்தூர்' என்னும் பெயரைச் 'சித்தர் ஊர்' எனப் பிரித்தல் எளிது, நிறுவுதல் அரிது. சித்தர், ஊர் என்பன புணரின் 'சித்தரூர்' ஆகுமேயன்றிச் 'சித்தூர்' ஆகாது. ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்பன்று.

தமிழின் றகர இரட்டைக்கு நேராகத் தெலுங்கில் டகர இரட்டை வருதல் திராவிட ஒப்பிலக்கணம் நிறுவிய நெறியாகும்: சுற்று – சுட்டு, பற்று – பட்டு, புற்று – புட்ட. தமிழ்ப் பேச்சு வழக்கிலோ அது தகர இரட்டையாகும். 'சிற்றூர்' தெலுங்கு நெறியில் அமைந்திருப்பின் 'சிட்டூர்' என்றாகியிருக்கும். தெலுங்கரும் 'சித்தூரு' என்றே வழங்குதல் அப்பெயர் தமிழ் நாவில் உருப்பெற்றதைக் காட்டும். கேரளத்துப் பாலக்காட்டிலுள்ள அதே பெயரை மலையாளம் இன்றும் றகர இரட்டையுடன் எழுதுகிறது.

நகரிக்கு அண்மையிலுள்ள புத்தூர் இத்துணைத் தெளிவுடையதன்று. புது ஊரா, புற்றூரா? தமிழ் வழக்கில் இரண்டும் 'புத்தூர்' ஆகும். பழங்கல்வெட்டு வடிவமே இதனை முடிவு செய்தல் வேண்டும். ஆய்வாளர் விருப்பம் அன்று.

1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்ததும் சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றதும் அரசியல் முடிவுகள். ஊர்ப்பெயர் அங்கு வாழ்ந்தோர் பேச்சுக்குச் சான்று. நிலவுரிமைப் பட்டயம் அன்று. ஒலிநெறியை விடுத்துப் பெருமிதத்தால் வேர் தேடுவோர் தமிழுக்கும் துணை செய்யார்.