கோட்டைக்கு ஒரு டிக், ஸ்டேஷனுக்கு ஒரு டிக்

வேல்ஸ் கடற்கரைக்குக் குடும்பத்தோடு லீவுக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. யார் எழுதினாலும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான். கான்வி கோட்டை, லாண்டிட்னோவின் டிராம், பென்ரின் மாளிகை, நீளப் பெயர் கொண்ட ரயில்வே ஸ்டேஷன், கெலெர்ட் என்ற நாயின் கல்லறை, டென்பியில் ஐஸ்க்ரீம். தலைப்பு மட்டும் மாறும். சில நேரம் பத்து விஷயங்கள், சில நேரம் பதினைந்து. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் வாழும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஸ்கூல் லீவு நெருங்கும்போது இந்தப் பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. மூன்று நாளில் ஒன்பது இடம் 'கவர்' பண்ணினோம் என்று திரும்பி வந்து போட்டோ போடுகிறார்கள்.

எனக்கு இந்தப் பட்டியல் மேல் கோபம். அவசரம்கூட இரண்டாவது குற்றம்தான். பிள்ளைகளை ஒரு நாட்டின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அந்த நாட்டை மட்டும் அவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறது இந்தப் பட்டியல். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கான்வியிலிருந்து ஆரம்பிப்போம். அங்கே ஊர் மதில் மேல் நடக்கலாம். ஒரு முறை எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுமி, தமிழ்ப் பெண்தான், அவள் அப்பாவிடம் கேட்டாள்: "இவ்ளோ பெரிய சுவர் எதுக்குப்பா? யாருக்குப் பயந்து?" அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "எதிரிங்க வருவாங்கல்ல, அதுக்குத்தான்" என்றார்.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. 1282இல் வேல்ஸின் கடைசி இளவரசனான லிவெலின் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டே இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு கான்வியிலும் கைர்னார்வனிலும் ஹார்லெக்கிலும் கோட்டை கட்ட ஆரம்பித்தான். கான்வியில் அவன் தேர்ந்தெடுத்தது வெற்று நிலம் கிடையாது. அங்கே ஒரு மடாலயம் இருந்தது. வேல்ஸ்காரர்கள் தங்கள் மாமன்னனாகக் கொண்டாடிய இன்னொரு லிவெலின் புதைக்கப்பட்ட இடம் அது. மடாலயத்தையே அங்கிருந்து கிளப்பி வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, அதே மண்ணில் கோட்டையும் மதிலும் எழுப்பினார்கள். மதிலுக்குள்ளே குடிவைக்கப்பட்டவர்கள் ஆங்கிலேயர்கள். அதாவது, அந்த அப்பா சொன்ன 'எதிரிங்க' எங்கிருந்தோ வரவேண்டியவர்கள் இல்லை. அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். இன்று அதே கோட்டை வாசலில் பிளாஸ்டிக் வாள் விற்கிறார்கள், பட்டியல் அதை 'மாயாஜாலக் கோட்டை' என்கிறது.

பென்ரின் மாளிகைக்குப் போனால் ஸ்லேட்டுக் கல்லில் செதுக்கிய, ஒரு டன் எடையுள்ள கட்டிலைப் பார்க்கத் தவறாதீர்கள் என்று எழுதியிருப்பார்கள். தவறவேண்டாம், பாருங்கள். நாம் அ, ஆ எழுதிப் பழகிய சிலேட்டும் இந்தக் கல்தான், பெயர்கூட இதே பெயர்தான். ஆனால் அந்த மாளிகை எந்தக் காசில் எழுந்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டம், இன்னொரு பக்கம் பக்கத்து மலையின் ஸ்லேட்டுக் குவாரி. பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்தபோது இந்தக் குடும்பத்துக்கு 764 அடிமைகளின் பெயரில் 14 ஆயிரம் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு கிடைத்தது. அந்த 764 பேருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. குவாரித் தொழிலாளர்கள் 1900 நவம்பரில் தொடங்கிய போராட்டம் மூன்று வருடம் நீடித்தது. அந்தப் போராட்டத்தின்போது பெத்தெஸ்டாவின் வீட்டு ஜன்னல்களில் வெல்ஷ் மொழியில் ஓர் அட்டை தொங்கியது: 'இந்த வீட்டில் துரோகி இல்லை.' அட்டை தொங்காத வீட்டின் பிள்ளை மறுநாள் ஸ்கூலில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்? ஒன்பது வயதுக் குழந்தைக்கு இது புரியாதா? கட்டிலைவிட இதுதான் அதன் மனதில் தங்கும்.

அடுத்து அந்த ஸ்டேஷன். ஆங்கிள்சி தீவில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் பெயரில் 58 எழுத்து. கார் நிறுத்தி, பலகை முன்னால் நின்று, வாய்க்கு வந்தபடி படித்துச் சிரித்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெயரே அதற்காகச் செய்யப்பட்டதுதான். ரயில் வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டின் நடுவில், பயணிகளை இழுப்பதற்காக உள்ளூர்க்காரர்கள் நீட்டி வைத்த பெயர். ஊர்க்காரர்கள் இன்றும் 'லான்வைர்பூல்' என்று சுருக்கமாகத்தான் சொல்கிறார்கள். நமக்காகச் செய்த போலிப் பெயரைப் பார்க்க நாற்பது மைல் போகிறோம். போகிற வழியெல்லாம் இருக்கும் உண்மையான பெயர்களை ஒன்றுகூடப் படிப்பதில்லை.

அவை அப்படியொன்றும் கஷ்டமான பெயர்கள் கிடையாது. 'அபர்' என்றால் கழிமுகம், 'லான்' தேவாலயம், 'போர்த்' துறைமுகம், 'பென்' தலை அல்லது முனை, 'அனிஸ்' தீவு. இந்த ஐந்து சொல்லைக் காரில் பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதன்பிறகு மேப்பை அவர்களே படிப்பார்கள். "அப்பா, இங்க ஆறு கடல்ல கலக்குது பாரு" என்பார்கள். டென்பிக்கு வெல்ஷ் மொழியில் 'மீன்களின் சிறு கோட்டை' என்று பெயர் என்று தெரிந்தால் அந்த ஐஸ்க்ரீமுக்கே வேறு ருசி வரும். 'லான்' என்பதில் வரும் ல நம்முடைய ல இல்லை. நாக்கை ல சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் பக்கவாட்டில் காற்றை மட்டும் விடவேண்டும். தமிழை 'டமில்' என்று சொல்லக் கேட்டுக் கேட்டு எரிச்சல் பட்டவர்கள் நாம். இன்னொரு மொழியின் ஓர் எழுத்துக்காக அரை நிமிடம் முயற்சி செய்தால் என்ன? 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசுவதாகச் சொன்னவர்கள் 17.8 சதவீதம். ஆனால் வடமேற்கில் க்வினெத் பகுதியில் 64 சதவீதத்துக்கும் மேல். நாம் ரொட்டி வாங்கும் கடையில் நம் காதில் விழும் மொழி அது. பட்டியலில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கெலெர்ட் கல்லறை கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. குழந்தையைக் காப்பாற்ற ஓநாயோடு போராடிய நாயை, அதன் வாயில் ரத்தத்தைப் பார்த்து அவசரப்பட்டு இளவரசன் வெட்டிவிட்டான் என்பது கதை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் கீரிப்பிள்ளைக் கதையேதான். சிலப்பதிகாரத்தில் மாடலன், கோவலனின் நல்ல குணத்தைச் சொல்லும்போது, கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணுக்கு அவன் செய்த உதவியைச் சொல்கிறான். ஊர் ஊராக நடந்த கதை வேல்ஸில் நாய் வேஷம் கட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு விடுதிக்காரர் வியாபாரத்துக்காக அந்தக் கல்லறையை அங்கே உருவாக்கினார் என்கிறார்கள். பிள்ளைகளிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியல் சொல்லும் சோகக் கதையைவிட இந்தத் திருட்டுக் கதை அவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

இதற்கு என் நண்பர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "லீவுக்கு வந்தோமா, ஜாலியா இருந்தோமான்னு இல்லாம, பாடம் எடுக்கச் சொல்றியா?" பாடம் எடுக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு போரடிக்கும் என்பது பெரியவர்கள் பரப்பிவிட்ட பொய். ஒன்பது இடங்களுக்கு நடுவில் காரில் உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுக்குப் போரடிக்கிறது. 'ஜாலி' என்ற பெயரில் நடப்பது அவர்களுக்கான லீவு இல்லை, நம் போனுக்கான லீவு.

இன்னொரு பதிலும் வரும்: "அந்த ஊரே டூரிஸ்ட்டை நம்பித்தானே இருக்கு?" உண்மைதான். அதனால்தான் யாரையும் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் வருவதற்கு அந்த ஊர் ஒரு விலை கொடுக்கிறது. லீன் தீபகற்பத்தில் அபர்சோக் என்ற கடலோரக் கிராமம் இருக்கிறது. அழகான மணல், பாய்மரப் படகுகள், பட்டியலில் எப்போதும் மேலே. அங்கே வீடுகளில் பெரும்பங்கு வெளியூர்க்காரர்களின் லீவு வீடுகள். உள்ளூர் இளம் குடும்பங்களால் அந்த விலைக்கு வீடு வாங்க முடியவில்லை. முழுநேர மாணவர்கள் பத்துப் பேர்கூட இல்லை என்ற நிலையில் 2021 டிசம்பரில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கோடையில் குழந்தைகளால் நிரம்பி வழியும் ஊரில் குழந்தைகளுக்குப் பள்ளி இல்லை.

இந்த வயிற்றெரிச்சல் புதிதும் இல்லை. 1979 முதல் 90களின் தொடக்கம் வரை வேல்ஸில் இருநூறுக்கும் மேற்பட்ட லீவு வீடுகளுக்கும் சொத்துகளுக்கும் ரகசியக் குழுக்கள் தீ வைத்தன. தீ வைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. இப்போது அரசு சட்டத்தின் வழியாக முயல்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து இரண்டாம் வீடுகளுக்கு 300 சதவீதம் வரை கூடுதல் வரி போட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. சுற்றுலாப் பயணிகளிடம் ஓர் இரவுக்கு ஆளுக்கு 1.30 பவுண்டு வசூலிக்க அனுமதிக்கும் சட்டம் 2025இல் வந்தது. அதற்குத்தான் எத்தனை புலம்பல்! நான்கு பேர், மூன்று இரவு, ஏறத்தாழ 16 பவுண்டு. அதே நான்கு பேரும் ஒரு மதியம் மீனும் சிப்ஸும் சாப்பிட்டால் இதைவிட அதிகம் ஆகும்.

சரி, பிள்ளைகளை எங்கேதான் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்பீர்கள். அபரிஸ்ட்வித்துக்கு வடக்கே போர்த் கடற்கரைக்குப் போங்கள். கடல் நன்றாக உள்வாங்கும் நேரம் பார்த்துப் போனால், மணலை அலை அரித்திருக்கும் நாட்களில், அடிமரங்கள் வரிசையாகத் தெரியும். ஓக், பைன், பிர்ச். நான்காயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய காடு. மதகுக் காவலன் குடித்துவிட்டுக் கதவை மூட மறந்ததால் கடல்கொண்ட நாடு என்று அதைப் பற்றி அந்த ஊரில் கதை உண்டு. கடல்கோள் கதைகள் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க யாரும் வேண்டாம். டிக்கெட்டும் கிடையாது.

அங்கிருந்து தெற்கே கடலோரச் சாலையில் லான்ரிஸ்டிட் பக்கம் வரும்போது ஓர் இடிந்த சுவர் தெரியும். சிவப்பு அடித்து வெள்ளை எழுத்தில் 'டிரவெரினை மறக்காதீர்கள்' என்று வெல்ஷ் மொழியில் எழுதியிருக்கும். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று 1965இல் காப்பெல் கெலின் என்ற வெல்ஷ் கிராமத்தை, அதன் பள்ளி, தேவாலயம், தபால் நிலையத்தோடு நீரில் மூழ்கடித்தார்கள். அதற்கான மசோதாவுக்கு வேல்ஸின் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரவாக ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் நிறைவேறியது. 2019இல் யாரோ அந்தச் சுவரைச் சிதைத்தபோது வேல்ஸ் முழுக்க மக்கள் தங்கள் சுவர்களில் அதே வாசகத்தை எழுதினார்கள். பட்டியலை நம்பிப் போகிறவர்கள் அந்தச் சுவரை அறுபது மைல் வேகத்தில் கடந்துவிடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மீதி நேரம் படகுத்துறையில் உட்கார்ந்து நூலில் இரை கட்டி நண்டு பிடியுங்கள், பிடித்ததைத் திரும்பக் கடலில் விடுங்கள். கடையில் 'தியோல்க்' என்று நன்றி சொல்லிப் பாருங்கள், தப்பாகச் சொன்னாலும் அவர்கள் முகம் மாறும். "யாருக்குப் பயந்து?" என்று பிள்ளை கேட்டால் போனைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.