பாதத்தையும் பார்த்தல் வேண்டும்

தொழுநோயைத் தேடும் கண்கள் பெரும்பாலும் தோலின் உணர்ச்சியற்ற தேமலோடு நின்றுவிடுகின்றன. நோயோ நரம்பையும் தாக்குவது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், சரவெலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அருகிலேயே ஒரு நரம்பு செல்கின்றது. கணைக்காலின் முன்புறத் தசைகளை இயக்கிப் பாதத்தை உயர்த்தச் செய்வது அதுவே. அது செயலிழப்பின், கெண்டைக்கால் தசைகளின் இழுப்பு மேலோங்கிப் பாதம் கீழ்நோக்கித் தொய்ந்துவிடும். நாளடைவில் குதிநாணும் இறுகும். உள்ளங்காலும் மரத்திருப்பின் புண்கள் தோன்றும்.

1983 ஆம் ஆண்டு தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழிப் பரவத் தொடங்கிய கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியைக் கொல்லும். நெடுநாள் செயலிழந்த தசையை மீட்காது. நரம்புச் சேதம் ஆறு மாதங்களுக்கு உட்பட்டதாயின், மருத்துவர் மேற்பார்வையில் அளிக்கப்பெறும் பிரெட்னிசோலோன் பயன் தரக்கூடும். தாமதித்தோர் பலர்க்குத் தசைநாண் மாற்று அறுவையே எஞ்சும் வழி.

ஆகவே, களப்பணியாளர் ஒவ்வொரு சந்திப்பிலும் நோயாளியை உட்கார்த்தி, குதிகாலை ஊன்றிப் பாதத்தை உயர்த்தச் சொல்லி, கையால் எதிர்த்து அழுத்தி, இரு கால்களையும் ஒப்பிடல் வேண்டும். செருப்பின் முனை தேயக் காலை இழுத்து நடக்கும் மாணவனைச் சோம்பேறியெனக் கடியாது, ஆசிரியர் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். இச்சோதனைக்குக் கருவி வேண்டா. ஒரு நிமிடம் போதும். அந்நிமிடத்தைச் சிக்கனம் செய்தல் முறையன்று.