ஓட்டுப் போட்டா சாம்பியன்?



அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் என்பது நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடிச்சிக்கிட்டு ஓடுவாங்க. சீசன் முடிவில் 'பவுல்' என்று தனித்தனி ஆட்டங்கள் நடக்கும். 1902-ல் முதன்முதல் நடந்த ரோஸ் பவுல்தான் மூத்தது. ஒரு அணிக்கு ஒரே ஆட்டம். அப்போ சாம்பியன் யார்? ரொம்ப வருஷம் பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டுத்தான் சொன்னார்கள்!

1998-ல் இருந்து முதல் இரண்டு அணிகளுக்கு மட்டும் இறுதி ஆட்டம். 2004-ல் ஆபர்ன் அணி ஆடிய 12 ஆட்டத்திலும் ஜெயிச்சும் கூப்பிடவில்லை. 2014-ல் நான்கு அணி நாக்அவுட் வந்தது. அப்பவும் 2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13-க்கு 13 ஜெயிச்சு வெளியே நின்றது. முக்கிய வீரருக்கு அடிபட்டுவிட்டதாம், இனி முன்னமாதிரி ஆட மாட்டார்களாம். பரீட்சைக்கு முன்னாடியே ஃபெயில் போடுற மாதிரி இல்ல இருக்கு?

2024-ல் 12 அணி ஆக்கினார்கள். எட்டாம் இடத்து ஒஹாயோ ஸ்டேட் கோப்பையை வாங்கியது. இரண்டு ஆட்டம் தோற்றவர்களுக்கா என்று கேட்கலாம். அதுவரை தோற்காத ஓரிகனை 41-21 என்று ஜெயிச்சுத்தானே வாங்கினாங்க? அதுவும் அதே ரோஸ் பவுலில். அதனால் பவுலை ஒழிக்க வேண்டாம், நாக்அவுட்டை அதிலேயே நடத்தலாம்.

ஒரே கவலை. ஒஹாயோ ஸ்டேட் அந்த சீசனில் 16 ஆட்டம் ஆடியது. தலையோடு தலை மோதுற விளையாட்டு, ஆடுறதும் படிக்கிற பசங்க. நாக்அவுட் இருக்கட்டும், முன்னாடி ஆடுற ஆட்டங்களில் இரண்டைக் குறைக்கணும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி