சட்டி தட்டினவங்களும் அட்டை பொறுக்கினவங்களும்

போன வாரம் மதியச் சாப்பாட்டுல ஒரு விவாதம். ஒரு நாடு திவாலானா ஜனங்க என்ன செய்வாங்க? "ரெண்டே நாள்ல ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுச் சாப்பிட்ருவான்"னு ஒருத்தர். "கஷ்டம் வந்தாத்தான் மனுஷன் ஒண்ணு சேருவான், அரசாங்கமே தேவைப்படாது"னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் நிறைய சினிமா பாக்கறாங்க :-) அர்ஜென்டினா பத்தி கொஞ்சம் படிச்சு வச்சிருந்தேனா, வாயைத் திறந்துட்டேன். சாம்பார் ஆறினதுதான் மிச்சம். அங்கே சொல்லி முடிக்காதது இங்கே.

1991லேர்ந்து அங்கே ஒரு பெசோ ஒரு டாலர்னு சட்டமே போட்டு வச்சிருந்தாங்க. 2001 கடைசியில அது தாங்கல. ஜனங்க பணத்தை எடுக்க ஓட, டிசம்பர் ஆரம்பத்துல அரசு ஒரு பூட்டு போட்டுச்சு: வாரத்துக்கு 250 பெசோதான் ரொக்கமா எடுக்கலாம். இதுக்கு 'கொரலீட்டோ'ன்னு பேரு வந்துச்சு. குழந்தையை உள்ளே விட்டு அடைச்சு வைப்பாங்களே, அந்தத் தடுப்பு! (2016 நவம்பர்ல காலேஜ் ஹாஸ்டல்லேர்ந்து ஏடிஎம் க்யூவுல நின்னப்போ எனக்கு வந்த எரிச்சல் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.)

டிசம்பர் 19, 20ல கடைகள் சூறையாடப்பட்டது உண்மை. ஆனா அதே ராத்திரி லட்சக்கணக்கான பேர் சமையல் பாத்திரத்தைத் தட்டிக்கிட்டே தெருவுக்கு வந்தாங்க. போலீஸ் சுட்டதுல பலர் செத்தாங்க. ஜனாதிபதி டெ லா ருவா ஹெலிகாப்டர்ல கிளம்பிப் போனார்.

அப்புறம் டாலர் டெபாசிட்டை ஒரு டாலருக்கு 1.40 பெசோன்னு மாத்தினாங்க. 2002 நடுவுல வெளியில டாலர் 3.50 பெசோவைத் தாண்டிடுச்சு. கணக்கு போடுங்க: 10,000 டாலர் சேத்து வச்சவன் கையில 4,000 டாலர்கூட இல்ல. முன்கூட்டியே பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பின பெரிய கைகளுக்கு இந்தக் கணக்கே கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பண்டமாற்று சங்கங்கள்தான். 1995ல பெர்னால்ங்கற ஊர்ல இருபது பேர் சொச்சம் ஆரம்பிச்சது. 'கிரெடிட்டோ'ன்னு சொந்தமா ஒரு சீட்டு. நீ ரொட்டி கொண்டா, நான் முடி வெட்டி விடறேன். 2002ல இது இருபது லட்சம் பேருக்கு மேல பரவிச்சுன்னு மதிப்பீடு. அங்கேதான் வினை. கள்ளச்சீட்டு புகுந்துச்சு, அளவில்லாம அச்சடிச்சாங்க, மாவும் எண்ணெயும் காணாமப் போச்சு. பெசோவுக்கு வந்த அதே வியாதி! அந்த வருஷக் கடைசியில பெரும்பாலானது இழுத்து மூடியாச்சு. முகம் தெரிஞ்ச இருபது பேருக்குள்ள ஓடின நம்பிக்கை, முகம் தெரியாத லட்சம் பேருக்குள்ள ஓடல. 'அரசாங்கமே வேணாம்'னு சொன்ன நண்பர் இதைக் கேட்டுட்டு தயிர் சாதத்துக்கு மாறிட்டார்.

அதே சமயம் ப்ரூக்மன்னு ஒரு தையல் ஆலை. முதலாளி காணாமப் போனதும், பெரும்பாலும் பெண்களா இருந்த தொழிலாளிகள் தாங்களே ஆலையை ஓட்டினாங்க. 2003ல போலீஸ் வெளியேத்திச்சு, விடாமப் போராடித் திரும்ப உள்ளே போனாங்க. வருஷக்கணக்கா பக்கத்துப் பக்கத்து மெஷின்ல உக்காந்து தைச்சவங்க அவங்க. என் பக்கத்து ஃபிளாட்காரர் பேரு எனக்குத் தெரியாது. மூணு வருஷமா.

இன்னொண்ணு உறுத்துது. வேலை போனவங்க ராத்திரியில குப்பையில அட்டை, காகிதம் பொறுக்க ஆரம்பிச்சாங்க. அவங்க வண்டியோட ஏறவே சீட் எடுத்த ரயில் ஒண்ணு ஓடிச்சு. 2002ல சட்டி தட்டின நடுத்தர வர்க்கமும் வேலை போனவங்களும் 'நம்ம போராட்டம் ஒண்ணுதான்'னு கோஷம் போட்டாங்க. அப்புறம் பேங்க் பூட்டு திறந்துச்சு, பொருளாதாரம் எழுந்துச்சு, சட்டிகள் சமையலறைக்குப் போயிடுச்சு. அட்டை பொறுக்கறவங்க தெருவுலயேதான் இருந்தாங்க. இதுல நான் எந்தப் பக்கம் இருந்திருப்பேன்னு எனக்கு நல்லாத் தெரியும். மாசச் சம்பளம் முழுக்க பேங்க்ல வெறும் நம்பரா வச்சிருக்கறவன் வேற எங்கே இருப்பான்? சட்டியோடதான்.

பி.கு: பணமில்லாம புவெனோஸ் அய்ரெஸ் மாகாண அரசு 'பட்டகோன்'னு ஒரு பத்திரத்தைச் சம்பளமா கொடுத்துச்சு. மெக்டொனால்ட்ஸ் உடனே அதுக்குன்னே 'பட்டகாம்போ'ன்னு ஒரு சாப்பாடு போட்டாங்க. நான் கதை விடல மக்கா :-)