குட்டி யானைக்குப் பிவிசி தும்பிக்கை

விடியற்காலையில் கோவளம் கரையில் மீன் ஏலம் முடிந்ததும் நடக்கிற கூத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஐஸ் பெட்டி ஏற்றின குட்டி யானைகளும் பிக்கப்களும் ஈசிஆரைப் பிடிக்க முண்டியடிக்கும். ஐஸ் கரைவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டும், லேட்டானால் விலை இறங்கும். இப்படி நிமிஷத்தைக் காசாக எண்ணுகிற பிழைப்பில், "அண்ணே, காத்து ஃப்ரீயா போனா வண்டி பறக்கும்ணே" என்று ஒரு மெக்கானிக் தம்பி சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

தம்பி செய்வது இதுதான். கம்பெனி ஃபில்டர் டப்பாவைக் கழற்றிக் கடாசிவிட்டு, மூன்று அங்குல பிவிசி பைப், ஒரு எல்போ, புதுப்பேட்டையில் பொறுக்கின கூம்பு ஃபில்டர், இரண்டு கிளிப், சந்துபொந்துக்கு எம்-சீல். முடிந்தது வேலை. ஸ்டார்ட் பண்ணினால் உர்ர்ர்ர் என்று புதுசாக ஒரு உறுமல். ஓனர் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அந்த உறுமல் பவர் இல்லை மக்களே. கம்பெனி டப்பா காற்றை வடிகட்டுவதோடு இன்ஜின் மூச்சு இழுக்கிற சத்தத்தையும் அமுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் சத்தம் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். காது சொன்னதைக் கால் நம்பி ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிக்கும், வண்டியும் வேகமாகப் போகும். மிதித்தால் எந்த வண்டிதான் போகாது :)

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். 2005ல் வந்த முதல் டாடா ஏஸ் இன்ஜின் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் முழு மூச்சு. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால் சுமார் 1050 லிட்டர் காற்று வேண்டும். கேட்கப் பெரிசாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காகத்தானே கம்பெனிக்காரன் ஃபில்டர் பேப்பரை மடித்து மடித்து வைத்திருக்கிறான்? ஒரு பழைய ஃபில்டரைப் பிரித்து விரித்துப் பாருங்கள், அந்தச் சின்ன டப்பாவுக்குள் எவ்வளவு பரப்பு அடங்கியிருந்தது என்று தெரியும்.

அடுத்தது, டீசல் சமாச்சாரம். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டர் காற்று வழியைத் திறக்கிறது. பழைய டீசலில் அப்படி இல்லை. காற்று அது பாட்டுக்கு வரும், மிதிப்பது டீசல் அளவைத்தான் மாற்றும். பம்ப்பைத் தொடாமல் காற்றை மட்டும் கூட்டினால், அது வேலை எதுவும் செய்யாமல் சைலன்சர் வழியே வெளியே போய்விடும். போதாததற்கு, இந்த ஃபில்டர் உட்கார்ந்திருப்பது இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில். வெளியே 40 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 6 சதவீதம் குறைந்துவிடும். அதிகக் காற்றுக்காகச் செலவு பண்ணி குறைந்த காற்றை வாங்குவதற்குப் பெயர் என்ன?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு விற்கிற வண்டி என்றால் இன்னும் தலைவலி. காற்றை அளக்கிற சென்சார் இருந்தால், காட்டன் ஃபில்டரில் தடவின எண்ணெய் கொஞ்சம் அதிகமானாலும் போய் அதில் படிந்து தப்புக் கணக்கு சொல்லும்.

இதெல்லாம்கூட போகட்டும். கோவளத்தில் மணல் இருக்கிறதே! கடற்கரை மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். இன்ஜினுக்குள் இருக்கிற வார்ப்பிரும்பை விடக் கடினம். கண்ணுக்குத் தெரியாத பத்து இருபது மைக்ரான் தூசி, எம்-சீல் விட்ட இடுக்கு வழியே தினமும் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். முதல் மாசம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஆயில் குறையும், நீலப் புகை வரும், ஒருநாள் இன்ஜினை இறக்கவேண்டும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், சில நூறு ரூபாய் ஃபில்டர் என்பது வருவாய்ச் செலவு. அதை மிச்சம் பிடிக்கப் போய், வண்டி ஈஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும்போதே மூலதனத்தைத் தின்பது எந்தப் பேரேட்டிலும் நேராகாது. அதுவும் வண்டி ஷெட்டில் நிற்கிற நாட்களின் வாடகை நஷ்டத்தை யாரும் எழுதுவதே இல்லை.

சில பேர் விவரமாக, "குளிர்ந்த காத்து எடுக்கலாம்" என்று பைப்பை பம்பருக்குப் பின்னால் கீழே இறக்குவார்கள். 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் மறந்துபோச்சா? முழங்கால் தண்ணீரில் அந்த பைப் ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி பொதுவாக இதற்குக் கைவிரித்துவிடும், இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கவேண்டும். காட்டுக்குள் போகிற ஜீப்களில் காற்றுக்குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றுவது சும்மா ஸ்டைலுக்கு இல்லை.

சட்டமும் இருக்கிறது. 2019ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறைகூட. பானெட்டுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார் என்பது வேறு கதை.

நியாயமாகச் சொன்னால், இந்த வித்தை பலிக்கிற இடமும் உண்டு. தாய்லாந்தில் பந்தயத்துக்கு விடுகிற டீசல் பிக்கப்களில் டர்போ பெரிசு, டீசல் அளவும் அதிகம். அங்கே ஃபில்டரும் பெரிசாக வேண்டும்தான். வஞ்சிரம் ஏற்றுகிற வண்டி பந்தயத்துக்குப் போகவில்லையே?

சந்தேகம் இருக்கிற அண்ணன்மார் கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் ஒன்றை எடுங்கள். யு மாதிரி வளைத்துப் பலகையில் கட்டி, தண்ணீர் பாதி ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ஹோஸில் சின்னத் துளை போட்டுச் செருகி (அப்புறம் ஒழுங்காக அடைத்துவிடுங்கள்!), மறு முனையைத் திறந்து விடுங்கள். டியூப் நீளமாக இருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீரையும் இன்ஜின் இழுத்துவிடும். ஃபுல் ரேஸில் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் எத்தனை அங்குல வித்தியாசம் என்று பாருங்கள். பெரிய டீசல் இன்ஜின்களில் பொதுவாக 20, 25 அங்குலத்தைத் தொட்டால்தான் ஃபில்டரை மாற்றச் சொல்வார்கள். உங்கள் வண்டியில் புது பேப்பர் ஃபில்டர் போட்டும் தண்ணீர் ரொம்ப அசையவில்லை என்றால், காற்று தாராளமாகவே போகிறது. வண்டி இழுக்காததற்குக் காரணம் இன்ஜெக்டரோ, பிடித்துக்கொண்டிருக்கிற பிரேக்கோ, காற்று குறைந்த டயரோ, இல்லை பெர்மிட்டை மீறி ஏற்றின அந்த நாலு பெட்டியோ. டயருக்குக் காற்றடிக்க பங்க்கில் காசுகூட வாங்குவதில்லை. என்ன, உறுமல்தான் வராது.