மெஷின் வாங்கலாம் வாங்க!

வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சு ஒருத்தர் மெஷின் வாங்கப் போறார். "எதை வாங்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க தம்பி"ன்னு உங்ககிட்ட கேட்டா எப்படி இருக்கும்? எங்க மினி ப்ராஜெக்ட்ல அதான் நடந்துச்சு!

கோவை கணபதி பக்கம், பம்ப் பாகங்கள் செய்யுற சின்னப் பட்டறை. வாங்கப் போறது வி.எம்.சி. கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்படி இரும்பைக் குடையுற மெஷின். சாய்ஸ் ரெண்டு. ஒண்ணு, நம்ம ஊர்க் கம்பெனியோட புது மெஷின். இன்னொண்ணு, செகண்ட் ஹேண்ட் ஃபாரின் மெஷின்.

நாங்க எடுத்த ஆயுதம் ஏ.ஹெச்.பி. 1970-களில் தாமஸ் சாட்டி உருவாக்கின முறை. ஈராக்கின் மொசூல்ல பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியரா இருந்தவர். விஷயம் சிம்பிள் பாஸ். எல்லாத்தையும் ஒரே நேரத்தில் யோசிக்காம, ரெண்டு ரெண்டா ஒப்பிடணும். சமம்னா 1, ரொம்ப ரொம்ப முக்கியம்னா 9. அதிலிருந்து ஒவ்வொண்ணுக்கும் வெயிட்டேஜ் வரும்.

நாங்க வெச்சது விலை, அக்யூரஸின்னு ரெண்டே விஷயம். விலையில் பழசு 3 மடங்கு மேல், அக்யூரஸியில் 2 மடங்கு மேல். ரெண்டுலயும் பழசுதான் வின்னர். 'முடிஞ்சுதுடா மச்சி'ன்னு கிளம்பும்போது, ஆபரேட்டர் அண்ணன் கேட்டார்... "ஏந் தம்பி, ராத்திரி ஷிஃப்ட்ல மெஷின் படுத்துக்கிச்சுன்னா ஸ்பேர் யாரு கொண்டாருவாங்க?"

செம பல்பு! சர்வீஸை நாங்க யோசிக்கவே இல்லை. அதில் புதுசு 7 மடங்கு மேல்.

அவசரமா மூணையும் ஒப்பிட்டோம். விலை அக்யூரஸியை விட 3 மடங்கு முக்கியம். அக்யூரஸி சர்வீஸை விட 2 மடங்கு. சர்வீஸ் விலையை விட 2 மடங்கு! தோசையை விட பரோட்டா பிடிக்கும், பரோட்டாவை விட பிரியாணி பிடிக்கும், ஆனா பிரியாணியை விட தோசை பிடிக்கும்னு சொல்ற மாதிரி. இப்படி உளறினா ஏ.ஹெச்.பி. கண்டுபிடிச்சிடும். முரண்பாட்டு விகிதம் 0.10-க்குள்ள இருக்கணும். எங்களுக்கு வந்தது 0.63!

பொறுமையா திரும்பப் போட்டோம். விலை 54, சர்வீஸ் 30, அக்யூரஸி 16 சதவிகிதம். ரிசல்ட்: பழசு 55, புதுசு 45. ஒரு டவுட். சர்வீஸுக்கு 60, விலைக்கு 30, அக்யூரஸிக்கு 10 கொடுத்தா? புதுசு 63, பழசு 37!

மெஷின் அதே, மார்க்கும் அதே. வெயிட்டேஜ் மாறினதும் வின்னரே மாறிப் போச்சு. இங்கதான் மனசு தடுமாறுச்சு. ஏதாவது ஒரு ஷீட்டை மட்டும் காட்டினா வைவாவில் கேள்வியே வராது. ஆனா பத்திரம் நம்மளது இல்லையே?

ரெண்டு ஷீட்டையும் ஓனர்கிட்ட கொடுத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஆபரேட்டர் அண்ணன் பக்கம் திரும்பி, "மாசத்துல எத்தனை நாள் மெஷின் நின்னா நமக்குத் தாங்கும்?"னு கேட்டார். முதல் நாளே நாங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது!

ஸோ மக்களே, லேப்டாப்போ, எலெக்டிவ்வோ, வேலையோ... எது முக்கியம்னு முதல்ல எழுதுங்க, மார்க்கை அப்புறம் போடுங்க. பிடிச்ச விடை வர்ற வரைக்கும் வெயிட்டேஜை மாத்தினா, அது கணக்கு இல்லை, சாக்கு! அப்புறம், அந்த மெஷின் முன்னாடி நிக்கப் போறவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்... வர்ட்டா!